திரையில் மகன், தாளில் யார்?

ஒரு வளர்ப்புக் குடும்பத்தின் கதையைப் பார்த்து அமெரிக்கா கண்ணீர் விட்டது. 14 ஆண்டுகள் கழித்து அந்தக் கதையின் நாயகனே நீதிமன்றப் படியேறினார். 'தி பிளைண்ட் சைட்' படத்தை ரசித்தவர்களுக்கு அன்று முதல் தர்மசங்கடம்.

புதுப் படத்தின் வசூல் முதல் வாரக் கடைசியில் உச்சத்தில் இருக்கும். அடுத்த வாரம் பாதியாகச் சரியும். இது ஹாலிவுட்டின் வாய்ப்பாடு. 2009 நவம்பர் 20ஆம் தேதி அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த 'தி பிளைண்ட் சைட்' அந்த வாய்ப்பாட்டைப் பொய்யாக்கியது. முதல் மூன்று நாட்களில் சுமார் 3.4 கோடி டாலர் வசூல். அதே நாளில் வெளியான ரத்தக் காட்டேரிக் காதல் கதை 'நியூ மூன்' முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போனது. ஆனால் இரண்டாவது வாரக் கடைசியில் வசூல் சரிவதற்குப் பதிலாக 4 கோடி டாலராக ஏறியது. மூன்றாவது வாரம் படம் முதலிடத்துக்கே வந்துவிட்டது.

காரணம் விளம்பரமல்ல, வாய்மொழி. பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். நன்றி தெரிவிக்கும் திருநாளான 'தேங்க்ஸ்கிவிங்' விடுமுறையும் கை கொடுத்தது. தியேட்டரை விட்டு வெளியே வருபவர்களிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் போடும் 'சினிமாஸ்கோர்' நிறுவனத்தின் கணக்கில் படத்துக்குக் கிடைத்தது ஏ பிளஸ். அந்த மதிப்பெண் அபூர்வமாகவே கிடைக்கும். 2.9 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் 25.6 கோடி டாலரை அள்ளியது. கதாநாயகியாக நடித்த சாண்ட்ரா புல்லக் 2010 மார்ச்சில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கினார். சிறந்த படத்துக்கான போட்டியிலும் படம் இடம் பெற்றது.

இத்தனைக்கும் கதை ஒரு விளையாட்டு வீரனுடையது. டென்னசி மாநிலம் மெம்பிஸ் நகரத்தில் வீடு வாசல் இல்லாத ஒரு கறுப்பினச் சிறுவன். ஆறடிக்கு மேல் உயரம், மலை போன்ற உடம்பு, வாய் திறந்து பேசாத சுபாவம். குளிர்கால ராத்திரி ஒன்றில் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ள எதுவுமில்லாமல் நடந்து போகும் அவனைப் பார்த்து ஒரு பணக்கார வெள்ளைக்காரக் குடும்பம் காரை நிறுத்துகிறது. ஒரு ராத்திரி படுக்க இடம் கொடுத்தவர்கள் அவனைத் தங்கள் பிள்ளையாகவே ஆக்கிக்கொள்கிறார்கள். அவன் படிக்கிறான், அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான், தொழில்முறை அணிக்குத் தேர்வாகிறான். கடைசியில் நிஜக் குடும்பத்தின் புகைப்படங்கள் திரையில் வரும்போது தியேட்டரில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

நிஜக் குடும்பம் என்பதுதான் படத்தின் பலம். அதுவேதான் பிறகு அதன் பலவீனமும் ஆயிற்று.

அழுதது எதற்காக?

ஆட்டத்துக்காக யாரும் அழவில்லை என்பதற்கு வசூல் கணக்கே சாட்சி. உலகம் முழுவதும் படம் ஈட்டிய சுமார் 30.9 கோடி டாலரில் வட அமெரிக்காவுக்கு வெளியே வந்தது 5 கோடியைச் சற்றுத் தாண்டும். அமெரிக்கக் கால்பந்து வேறு எங்கும் பெரிதாக ஆடப்படாத ஆட்டம். அதன் விதிகளைத் தெரிந்து வைத்திருக்கும் அமெரிக்க ரசிகர்களும்கூட நினைவில் வைத்துக்கொண்டது மைதானக் காட்சிகளை அல்ல.

அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது வீட்டுக் காட்சிகளைத்தான். அறையைக் காட்டும் லீ ஆனிடம் இதற்கு முன் தனக்கென்று ஒரு கட்டில் இருந்ததே இல்லை என்று அந்தப் பையன் சாதாரணமாகச் சொல்வது. அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண்மணி முகத்தை மறைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியேறுவது. இன்னொரு இடம், உனக்குச் சட்டப்படி காப்பாளர்களாக விரும்புகிறோம் என்று தம்பதி சொல்வது. அப்படியென்றால் என்ன என்று கேட்கிறான் பையன். நீ எங்கள் குடும்பத்தில் ஒருவனாக விரும்புகிறாயா என்று விளக்குகிறார்கள். ஏற்கெனவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவன் பதில். படத்தின் மொத்த உணர்ச்சியும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

கவனித்துப் பார்த்தால் அந்தக் காட்சியில் பேசப்படுவது காப்பாளர் பொறுப்பு மட்டுமே. அதைப் பார்வையாளர்கள் தத்து என்று புரிந்துகொண்டார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. வளர்த்தவர்களும் அப்படியே பேசினார்கள். தத்து என்ற சொல் இப்படித்தான் படத்தின் மேல் ஒட்டிக்கொண்டது.

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே இன்னொரு செய்தியும் ரசிகர்களை நெகிழ வைத்தது. ஆஸ்கர் வாங்கிய அடுத்த மாதம், தான் ஒரு கறுப்பினக் குழந்தையைத் தத்தெடுத்திருப்பதாக சாண்ட்ரா புல்லக் அறிவித்தார். முதலில் இந்த வேடமே வேண்டாம் என்று மறுத்தவர் அவர். திரையும் வாழ்க்கையும் ஒன்றாகக் கலந்துவிட்டதாக ரசிகர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

புத்தகத்தில் இருந்தது

படத்துக்கு மூலம் 2006இல் மைக்கேல் லூயிஸ் எழுதிய புத்தகம். அதன் பாதி கால்பந்து ஆட்டத்தின் பொருளாதாரம். குவார்ட்டர்பேக் எனப்படும் பந்து வீசுபவர்தான் அணியின் மூளை. பெரும்பாலும் அவர் வலக்கைக்காரர். பந்தை எறியக் கையை ஓங்கும்போது அவருடைய இடப்பக்கம் அவர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அந்த மறைவுப் பக்கம்தான் 'பிளைண்ட் சைட்'. 1985 நவம்பர் 18ஆம் தேதி ராத்திரி நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து அமுக்கியதில் வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனின் கால் முறிந்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தைஸ்மனின் ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்தது. படம் தொடங்குவதும் இந்தக் காட்சியில்தான்.

டெய்லர் போன்றவர்களின் வரவால் ஒரு புதிய வேலைக்கு மவுசு கூடியது. மறைவுப் பக்கத்தில் அரணாக நிற்கும் 'லெஃப்ட் டேக்கிள்' ஆட்டக்காரர் அணியில் குவார்ட்டர்பேக்குக்கு அடுத்தபடி அதிகச் சம்பளம் வாங்குபவரானார். இந்த இடத்துக்கு ஆள் கிடைப்பது லேசல்ல. பெரிய உடம்பு, நீண்ட கைகள், அந்த உடம்புக்குப் பொருந்தாத வேகம் மூன்றும் ஒருவரிடமே இருக்க வேண்டும். மைக்கேல் ஓஹரிடம் அவை இருந்தன.

1986இல் மெம்பிஸில் பிறந்தவர் ஓஹர். உடன்பிறந்தவர்கள் 11 பேர். தாய் போதைப் பழக்கத்துக்கு அடிமை. ஏழு வயதில் அரசின் பராமரிப்புக்குப் போனார். முதல் ஒன்பது வருடப் படிப்பில் மாறிய பள்ளிகள் 11. நண்பன் ஒருவனின் தகப்பனார் தன் மகனைச் சேர்க்கப் போன இடத்தில் இவருக்கும் சேர்த்து இடம் கேட்டதால் பிரையர்கிரெஸ்ட் கிறிஸ்தவப் பள்ளியின் கதவு திறந்தது. அங்கேதான் ஷான் டூயி, லீ ஆன் டூயி தம்பதியின் கண்ணில் பட்டார். ஷான் டூயி துரித உணவுக் கடைகள் பலவற்றின் உரிமையாளர், மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர். லீ ஆன் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர், வீட்டு உள் அலங்கார நிபுணர்.

இன்னொரு தகவலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மைக்கேல் லூயிஸும் ஷான் டூயியும் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கதை ஆசிரியருக்குக் கிடைத்தது இந்த வழியில்தான். வளர்த்தவரின் வாசலிலிருந்து பார்க்கப்பட்ட கதை அது. ஜான் லீ ஹான்காக் இயக்கிய படம் அந்த வாசலை இன்னும் அகலமாகத் திறந்து லீ ஆனை நடுவில் நிறுத்தியது. கால்பந்தின் பொருளாதாரம் பெரும்பாலும் வெளியே போனது, தாய்மை உள்ளே வந்தது. பார்வையாளர்கள் விரும்பியதும் அதைத்தான்.

முணுமுணுப்புகள்

எல்லோரும் விரும்பவில்லை. விமர்சகர்கள் முதலிலிருந்தே இரண்டு பட்டு நின்றார்கள். சாண்ட்ரா புல்லக்கின் நடிப்பைப் புகழ்ந்தவர்களே கதையின் போக்கைக் குறை சொன்னார்கள். கறுப்பினத்தவரின் துயரத்தைத் தீர்க்க ஒரு வெள்ளைக்காரர் அவதாரமெடுத்து வரும் பழைய ஹாலிவுட் சரக்கு இது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. நாயகன் என்று சொல்லப்படுபவன் படம் முழுக்க வாய்மூடி நிற்கிறான், அவனைச் சுற்றியிருப்பவர்களே பேசுகிறார்கள், முடிவெடுக்கிறார்கள், பாராட்டும் வாங்குகிறார்கள் என்றார்கள்.

இந்தக் கோபத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. கறுப்பினக் குழந்தைகளை வெள்ளைக்காரக் குடும்பங்களில் வைப்பதை 1972லேயே கறுப்பினச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம் எதிர்த்தது. குழந்தை தன் இனத்தின் அடையாளத்தை இழந்துவிடும் என்பது அதன் வாதம். மறுபக்கம், இனம் பார்த்துக் காத்திருப்பதில் குழந்தைகள் அநாதை விடுதிகளிலும் தற்காலிக வீடுகளிலும் வளர்ந்து முடிகிறார்கள் என்ற வாதம் வலுத்தது. 1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் இனத்தைக் காரணம் காட்டித் தத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. 'தி பிளைண்ட் சைட்' பார்க்க வந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்தத் தகராற்றை மனதில் சுமந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

வேறு திசையிலிருந்தும் எதிர்ப்பு வந்ததுதான் வேடிக்கை. கிறிஸ்தவக் குடும்பங்கள் தேடிப் பார்த்த படம் இது. சர்ச்சுகளில் பேசப்பட்ட படம். ஆனால் 2012இல் தெற்கு பாப்டிஸ்டு திருச்சபையைச் சேர்ந்த 'லைஃப்வே' புத்தகக் கடைகள் படத்தின் வட்டுகளை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன. வசனத்தில் கெட்ட வார்த்தைகள் இருப்பதாக ஒரு போதகர் ஆட்சேபித்ததே காரணம். ஒரு தரப்புக்குப் படம் மிகவும் சாதுவாக இருந்தது, இன்னொரு தரப்புக்கு அது போதுமான அளவு சாதுவாக இல்லை.

இத்தனை சத்தத்தில் ஒரே ஒரு பார்வையாளரின் கருத்து மட்டும் யார் காதிலும் சரியாக விழவில்லை. அவர் மைக்கேல் ஓஹர்.

நாயகனின் விமர்சனம்

2011இல் தன் வாழ்க்கை வரலாற்றை அவரே எழுதினார். அதில் டூயி குடும்பத்தின் மீது அன்பு இருந்தது. படத்தின் மீது வருத்தமும் இருந்தது. தொடர்ச்சியான படிப்பு கிடைக்காத பையனாகத் தன்னைக் காட்டியிருக்கலாம், அதை விட்டு அறிவு மந்தமானவனாகக் காட்டிவிட்டார்கள் என்பது முதல் வருத்தம். இரண்டாவது ஆட்டத்தைப் பற்றியது. படத்தில் டூயி வீட்டுச் சிறுவன் சாப்பாட்டு மேஜையில் சாஸ் பாட்டில்களை நகர்த்தி அவருக்கு ஆட்டம் சொல்லித் தருகிறான். லீ ஆன் மைதானத்துக்குள் இறங்கி வந்து, அணியைக் குடும்பமாக நினைத்துக் காப்பாற்று என்று புரிய வைக்கிறார். அதற்குப் பிறகே பையனுக்கு ஆட்டம் பிடிபடுகிறது. ஓஹருக்கு இது பொறுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்துக் கற்றவர் அவர்.

சினிமாவுக்கு இது சின்ன விஷயம். ரசிகர்களுக்கு அது ஒரு சிரிப்புக் காட்சி. ஆனால் அந்த ஆட்டத்தை நம்பிப் பிழைப்பவருக்கு அப்படியல்ல. 2015இல் கரோலினா பான்தர்ஸ் அணியில் இருந்தபோது அவர் இதை வெளிப்படையாகவே சொன்னார். ஒரு சினிமாவை வைத்துத் தன்னை எடை போடுகிறார்கள், தன் திறமையை யாரும் பார்ப்பதில்லை என்பது அவர் குறை.

உண்மைக் கதை என்று முத்திரை குத்தி வரும் விளையாட்டுப் படங்களுக்கு இது புதிய நோயல்ல. இந்தியாவில் 2016இல் வந்த 'தங்கல்' படத்தின் இறுதிக் கட்டத்தில் தேசியப் பயிற்சியாளர் தகப்பனை ஓர் அறையில் பூட்டி வைக்கச் செய்வார். நடக்காத சம்பவம் அது. நிஜத்தில் அந்தச் சகோதரிகளுக்குப் பயிற்சியளித்தவர் மனம் நொந்து ஆட்சேபித்தார். படத்தின் வெற்றியில் அது அடிபட்டுப் போனது. பார்வையாளர்களுக்கு வில்லன் தேவைப்பட்டது போலவே 'தி பிளைண்ட் சைட்' பார்வையாளர்களுக்கு ஒன்றும் தெரியாத பிள்ளை தேவைப்பட்டான். கொடுப்பவர் உயர்ந்து தெரிய வேண்டுமானால் வாங்குபவன் வெறுங்கையோடு நின்றாக வேண்டும்.

ஆகஸ்ட் 14

2023 ஆகஸ்ட் 14ஆம் தேதி மெம்பிஸில் ஷெல்பி கவுண்டி நீதிமன்றத்தில் ஓஹர் மனுப் போட்டார். தன்னை டூயி குடும்பம் ஒருபோதும் தத்தெடுக்கவில்லை என்பதே மனுவின் சாரம். 18 வயது முடிந்து மூன்று மாதமான நிலையில், 2004இல், தத்துப் பத்திரம் என்று நம்பித் தான் கையெழுத்துப் போட்டது உண்மையில் 'கன்சர்வேட்டர்ஷிப்' பத்திரம் என்றார்.

வித்தியாசம் சாதாரணமல்ல. தத்து ஒருவரைக் குடும்பத்தின் உறுப்பினராக்குகிறது; வாரிசு உரிமை தருகிறது. கன்சர்வேட்டர்ஷிப் உறவு எதையும் தருவதில்லை. ஒருவரின் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறது. உடலாலோ மனத்தாலோ இயலாத பெரியவர்களுக்காக உள்ள ஏற்பாடு அது. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 13 வருடம் அதில் சிக்கியிருந்து 2021இல் விடுபட்டதால் அமெரிக்க ரசிகர்களுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே அறிமுகமாகியிருந்தது. ஓஹருக்கோ எந்த ஊனமும் கிடையாது.

பணமும் மனுவில் இருந்தது. டூயி தம்பதிக்கும் அவர்களின் இரண்டு பிள்ளைகளுக்கும் படத்திலிருந்து தலைக்கு 2.25 லட்சம் டாலரும் லாபத்தில் இரண்டரை சதவீதமும் போனதாகவும் தனக்கு ஒன்றும் வரவில்லை என்றும் ஓஹர் குற்றம் சாட்டினார்.

டூயி தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. கிடைத்த பணம் ஐந்து பேருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது என்றது. ஓஹருக்கு 1.38 லட்சம் டாலர் கொடுத்ததாகப் பின்னர் நீதிமன்றத்தில் கணக்குக் காட்டியது. படத் தயாரிப்பு நிறுவனமான ஆல்கான், இரு தரப்புக்குமான முகவர் நிறுவனத்துக்குத் தான் கொடுத்தது சுமார் 7.67 லட்சம் டாலர் என்று அறிக்கை விட்டது. பல கோடி டாலர் குவித்த படத்தில் கதைக்குச் சொந்தக்காரர்கள் எல்லோருக்குமாகப் போனது இவ்வளவுதான். கோபத்தை ஹாலிவுட்டின் மீது திருப்ப வேண்டும் என்று மைக்கேல் லூயிஸ் சொன்னதற்கு அடிப்படை இதுவே. ஓஹர் 1.5 கோடி டாலர் கேட்டு மிரட்டினார் என்ற எதிர்க் குற்றச்சாட்டும் டூயி தரப்பு வழக்கறிஞரிடமிருந்து வந்தது.

கன்சர்வேட்டர்ஷிப் எதற்கு? டூயி தரப்பின் பதில் கல்லூரி விளையாட்டு விதிகளைச் சுட்டியது. ஒரு பல்கலைக்கழகத்தின் புரவலர்கள் அங்கே ஆட வரும் மாணவனுக்குச் சலுகை செய்யக் கூடாது என்பது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. ஷான் டூயி மிசிசிப்பி பல்கலைக்கழகத்தோடு நெருக்கமானவர். ஓஹர் சேர விரும்பியதும் அங்கேதான். அவன் எங்கள் குடும்பம் என்று சட்டப்படி காட்டினால்தான் சிக்கல் தீரும். 18 வயதான ஒருவரைத் தத்தெடுக்க முடியாது என்று வழக்கறிஞர்கள் சொன்னதாக ஷான் விளக்கினார். ஆனால் டென்னசி சட்டம் பெரியவர்களைத் தத்தெடுக்கவும் அனுமதிக்கிறது.

இந்த வழக்கின் மிக வலிக்கும் வரி அதே ஆண்டு செப்டம்பரில் டூயி தரப்பு தாக்கல் செய்த பதிலில் இருந்தது. ஓஹரைச் சட்டப்படி தத்தெடுக்கும் எண்ணம் தங்களுக்கு இருந்ததில்லை என்றும் தத்து என்ற சொல்லைப் பேச்சு வழக்கில்தான் பயன்படுத்தினோம் என்றும் அது கூறியது.

ஓஹரின் பக்கத்திலும் ஒரு முடிச்சு உண்டு. 2011ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அவரே இந்த ஏற்பாட்டின் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார். வளர்ப்புப் பெற்றோர் என்பதும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே என்று தனக்குச் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அப்படியானால் அவருக்கு முன்பே தெரியும் என்பது ஒரு தரப்பு. கிட்டத்தட்ட ஒன்று என்று சொல்லித்தானே ஏமாற்றினார்கள் என்பது இன்னொரு தரப்பு. உண்மை நிலையைத் தெரிந்துகொண்டது 2023 பிப்ரவரியில்தான் என்பது ஓஹரின் வாதம்.

2023 செப்டம்பர் 29ஆம் தேதி நீதிபதி கேத்லீன் கோம்ஸ் கன்சர்வேட்டர்ஷிப்பை ரத்து செய்தார். ஊனம் ஏதும் இல்லாத ஒருவருக்கு இப்படி ஓர் ஏற்பாடு செய்யப்பட்டதைத் தன் 43 வருட அனுபவத்தில் கண்டதில்லை என்று அவர் சொன்னார். கணக்கு வழக்கு பற்றிய புகார்களை அவர் அப்போது தள்ளுபடி செய்யவில்லை.

நம் ஊர்ச் சட்டம்

வளர்ப்புப் பிள்ளை என்ற சொல்லுக்கும் தத்துப் பிள்ளை என்ற சொல்லுக்கும் உள்ள இடைவெளி இந்தியக் குடும்பங்களுக்கு அந்நியமானதல்ல. 1956ஆம் ஆண்டின் இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, வேறு வழக்கம் இருந்தாலன்றி, 15 வயது நிரம்பியவரைத் தத்தெடுக்க முடியாது. முறைப்படி தத்துப் போன பிள்ளை பெற்ற குடும்பத்தை விட்டு வளர்க்கும் குடும்பத்துக்கு முழுமையாகச் சொந்தமாகிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் மதம் பாராமல் 18 வயதுக்குட்பட்டவர்களைத் தத்தெடுக்க வழி செய்கிறது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் தருவது வேறு. அது மேற்பார்வை மட்டுமே. மைனர் மேஜரானதும் அது முடிந்துவிடும், சொத்தில் பங்கு வராது. அண்ணன் பிள்ளையையோ அநாதைப் பிள்ளையையோ மகனென்று சொல்லி வளர்த்துக் கல்யாணமும் செய்து வைத்தவர் காலமான பிறகு, பாகப்பிரிவினையின்போதுதான் பத்திரம் எங்கே என்ற கேள்வி வீட்டுக்குள் வருகிறது. பாசத்தில் பொய் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பாசத்துக்குச் சாட்சி சொல்லத் தெரியாது.

அழுதவர்களின் பாடு

வழக்குச் செய்தி வந்ததும் ரசிகர்களின் மனம் மாறிய வேகம் வியப்பானது. 14 வருடமாகத் தேவதையாக இருந்த லீ ஆன் டூயி ஒரே நாளில் சூழ்ச்சிக்காரியானார். சாண்ட்ரா புல்லக்கின் ஆஸ்கரைப் பிடுங்க வேண்டும் என்றுகூடச் சிலர் குரல் கொடுத்தார்கள். இந்த வழக்கில் நடிகைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டு அவருக்காகப் பேசினார், படத்தில் ஓஹராக நடித்த குவின்டன் ஏரன். எழுதிக் கொடுத்ததை நடித்ததற்காக ஒருவரைத் தண்டிக்கும் அளவுக்குப் போனது ஏமாந்த கோபம்.

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கம் நின்றது. சோறு போட்டுப் படிக்க வைத்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. நன்றி மறந்தவன் என்ற பட்டம் ஓஹருக்குக் கிடைத்தது.

இரண்டும் ஒரே பார்வைதான். 2009இல் தியேட்டரில் இருந்தவர்கள் லீ ஆன் எவ்வளவு நல்லவர் என்று வியந்தார்கள். 2023இல் அவர் எவ்வளவு கெட்டவர் என்று விவாதித்தார்கள், அல்லது அவருக்கு எவ்வளவு நன்றிக்கடன் பாக்கி என்று கணக்குப் பார்த்தார்கள். எந்த முறையும் கதையின் நடுவில் ஓஹர் இல்லை. கட்டில் இல்லாத பையனைப் பார்த்து அழ முடிந்தவர்களுக்கு, என்னை முட்டாளாகக் காட்டிவிட்டீர்கள் என்று அவர் 2011இல் சொன்னபோது கேட்க நேரமிருக்கவில்லை. பத்திரமும் பணமும் வந்த பிறகே காது கொடுத்தார்கள்.

டூயி தம்பதி அந்தப் பையனுக்குச் செய்ததெல்லாம் பொய்யென்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. வீடு கொடுத்தார்கள், படிப்புக்கு ஆசிரியர் வைத்தார்கள், 2009 ஏப்ரலில் பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரை முதல் சுற்றில் 23ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது பக்கத்தில் நின்றார்கள். அவர் இல்லாவிட்டால் அவர்களுக்கு இந்தக் கதையும் இல்லை, மேடைகளும் இல்லை என்பதும் உண்மை. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதைச் சினிமா ஒரு பக்கமாக எழுதி வைத்தது. பார்வையாளர்கள் அதற்குக் கைதட்டினார்கள்.

படம் முடிந்த இடத்துக்குப் பிறகும் ஓஹரின் வாழ்க்கை ஓடியது. முதல் பருவத்தில் 16 ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்தே இறங்கி ஆடினார். 2013 பிப்ரவரி 3ஆம் தேதி ரேவன்ஸ் அணி சான்பிரான்சிஸ்கோவை 34க்கு 31 என்ற கணக்கில் வென்று சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கியபோது அவர் அந்த அணியில் இருந்தார். அது எந்தப் படத்திலும் இல்லை. படம் இடப்பக்கத்து அரணைப் பற்றியது. கோப்பை கிடைத்த அன்று மைக்கேல் ஓஹர் நின்று ஆடியது வலப்பக்கத்தில்.